எந்தச் சொல்லில் தடுக்குகிறது?

1936இல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், டோல்கீனின் ‘தி ஹாபிட்’ பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து மதிப்புரை எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு இது பிடிக்கும் என்று எழுதினான் பையன். மிகைபுனைவு நாவல்களுக்கு வயது குறிக்கும் வழக்கம் இன்றும் அப்படியே தொடர்கிறது. கூடவே எண்களும் சேர்ந்துவிட்டன. அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கும் லெக்சைல் அளவுகோல், வாக்கிய நீளத்தையும் சொற்களின் புழக்கத்தையும் வைத்து ‘ஹாரி பாட்டர்’ முதல் நூலுக்கு 880 தருகிறது, ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’துக்கு 680. நிலமிழந்து அலையும் ஒரு குடும்பத்தின் துயரம் மந்திரப் பள்ளிக் கதையைவிட எளிது என்று சொல்லும் எண்ணை நம்பி ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுக்க முடியாது.

வாசகர் எத்தனை சொற்களில் தடுக்குகிறார் என்பதைவிட, எந்த வகைச் சொல்லில் தடுக்குகிறார் என்பதே முக்கியம். மிகைபுனைவில் தெரியாத சொற்கள் இரண்டு வகை. ‘ஹாரி பாட்டர்’ கதையின் விளையாட்டான ‘குவிடிச்’ போல ஆசிரியரே உண்டாக்கியவை யாருக்குமே தெரியாது. அதனால் ஆசிரியரே பொறுப்பெடுத்து விளக்கிவிடுகிறார். அன்றாடச் சொற்களை அவர் விளக்குவதில்லை, வாசகருக்குத் தெரியும் என்று எண்ணிக் கடந்துபோகிறார். 1998இல் ‘ஹாரி பாட்டர்’ அமெரிக்காவில் வந்தபோது பதிப்பகம் கதைக்குள் பெரும்பாலும் மாற்றியது ‘ஜம்பர்’, ‘கார் பார்க்’ போன்ற சாதாரண பிரிட்டிஷ் சொற்களைத்தான். குவிடிச் அப்படியே நின்றது. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளுக்கே இந்த நிலை என்றால், ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரின் சிக்கல் இன்னும் ஆழமானது. விடுதிப் பள்ளிகளில் மாணவர்களை ‘ஹவுஸ்’களாகப் பிரிப்பதும் ‘ப்ரீஃபெக்ட்’ என்ற மாணவர் தலைவரை நியமிப்பதும் பிரிட்டனின் பழைய வழக்கம். அது தெரியாதவர் அவற்றையும் மாய உலகின் சரக்காகவே எடுத்துக்கொள்வார். ‘தி ஹாபிட்’டிலும் ஹாபிட் என்றால் யார் என்று தொடக்கத்திலேயே விளக்கம் வந்துவிடுகிறது. கதாநாயகன் பில்போவின் வீட்டு உக்கிராண அறைகளுக்கும் நிலவறைகளுக்கும் விளக்கம் இல்லை. அந்த அறைகள் கண்ணில் படாதவருக்கு, அவன் வீட்டைவிட்டுக் கிளம்புவதில் உள்ள இழப்பும் உறைக்காது.

சொல்வள ஆய்வாளர்கள் ஹூவும் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதைப் பகுதியின் சொற்களை வெவ்வேறு விகிதத்தில் பொருளற்ற சொற்களாக மாற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 80 சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் யாருக்கும் கதை சரிவரப் புரியவில்லை. 98 தெரிந்தால்தான் பெரும்பாலோருக்குப் புரியும் என்பது அவர்கள் கணிப்பு. எளிமைப்படுத்தாத நாவலில் அந்த நிலையை எட்ட எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். அப்படியானால் மாணவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நேஷனின் கணக்கு ஆள், இடப் பெயர்களைத் தெரிந்தவையாகவே கொள்கிறது. ஆசிரியர் விளக்கிவிடும் புனைசொற்களையும் அப்படியே ஒதுக்கிவிட்டால் பாரம் ஓரளவு குறையும். எஞ்சும் அன்றாடச் சொற்களுக்கு எளிமைப்படுத்திய நூல்கள் உதவும்.

தெரியாத சொல் நிறைந்த கதையையும் குழந்தைகள் வாய் பிளந்து கேட்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், ஆனால் கேட்பது வேறு, தனியே படிப்பது வேறு. சொல்பவர் குழந்தையின் முகம் பார்த்து நிறுத்துவார், விளக்குவார், பயம் தெரிந்தால் குரலைத் தணிப்பார். வாசித்துக் காட்டச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கலாம் என்பதற்கே இது ஆதாரம். குழந்தைகள் மாயத்தை நிஜமென நம்பிவிடுவார்கள் என்று சிலர் தயங்கலாம்; எனக்கு அந்த அச்சம் இல்லை. வெறும் கோப்பையில் தேநீர் ஊற்றி விளையாடும் சிறு குழந்தைக்கும் அது பாவனை என்று தெரியும்.

ஆகவே கதையின் நடுவிலிருந்து இரண்டு பக்கம் படிக்கச் சொல்லி, தடுக்கிய சொற்களைக் கோடிடச் சொல்ல வேண்டும். கோடுகள் பெரும்பாலும் புனைசொற்களின் கீழ் விழுந்தால் புத்தகத்தைக் கொடுத்துவிடலாம். தொடர் நாவல் என்றால் சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். ‘ஹாரி பாட்டர்’ ஐந்தாம் நூலில் அமைச்சக விசாரணையும் ஆய்வாளரும் அரசாணைகளும் வருகின்றன. அங்கே தடுக்குவது மந்திரத்தில் அல்ல, நிர்வாக ஆங்கிலத்தில்.