அட்டைப்பெட்டியில் அச்சான அமைதி

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ரோபோ வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ரொம்பச் சத்தம் போடுமா?" என்பதுதான். விற்பனையாளர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். 55 டெசிபல். பக்கத்தில் இருப்பது 62. அதற்கடுத்தது 67. குறைந்த எண்ணுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். சத்தத்தைப் பார்த்து இயந்திரம் வாங்குவது நல்ல வழக்கம். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் கோளாறு.

வழக்கத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். டெசிபல் நேர்க்கணக்கில் ஏறுகிற அளவு அல்ல. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கிறது. எனவே 55க்கும் 65க்கும் உள்ள வேறுபாட்டை அற்பம் என்று தள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தூங்கும் அறையில் இரவின் சராசரி ஒலி 30 டெசிபலையும், இடையில் எழும் தனிச் சத்தம் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது என்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கடையில் இருக்கும் மிகச் சாதுவான ரோபோவுக்கும் குழந்தை தூங்கும் அறைக்குள் இடமில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் ஓட்டலாம், அவ்வளவுதான். அது கிடைப்பதே பெரிய விஷயம் என்பது, கையால் இழுக்கும் வேக்குவம் கிளீனரை வைத்துக்கொண்டு பிள்ளை எழுந்துவிடுமோ என்று பயந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த எண் எப்படி வந்தது? ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து வேக்குவம் கிளீனர்களின் சத்தத்துக்கு 80 டெசிபல் என்று வரம்பு கட்டியபோது, பேட்டரியில் ஓடுபவற்றையும் ரோபோக்களையும் விதிக்கு வெளியிலேயே விட்டது. ஆகவே விளம்பரத்தில் வரும் எண் எந்த நிலையில் அளந்தது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல பெட்டிகளில் அது இருப்பதிலேயே குறைந்த 'சைலன்ட்' நிலையில் அளந்த அளவு. 'மேக்ஸ்' நிலைக்குத் தட்டினால் அதே ரோபோ வேறு பிறவி எடுத்துவிடும். அளந்த முறையும் முக்கியம். இயந்திரம் மொத்தமாக வெளிவிடும் ஒலித்திறன் ஒரு கணக்கு, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளக்கும் ஒலியழுத்தம் வேறு கணக்கு. இரண்டுக்கும் அலகு டெசிபல்தான். ஆனால் தரையில் நிற்கும் ஒரே இயந்திரத்துக்கு இரண்டாவது எண் ஏறத்தாழ 8 குறைவாக வரும். எது எந்தக் கணக்கு என்று போடாத இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

நம் வீடுகளின் தரை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. டைல்ஸ், கிரானைட், மொசைக், சிமென்ட் சுவர், கம்பளம் இல்லாத ஹால். ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லாத இடத்தில் அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். கம்பளமும் கனத்த திரைச்சீலையும் உள்ள வீட்டில் முணுமுணுக்கும் இயந்திரம், இங்கே வாய்விட்டுப் பேசும். டைல்ஸ் இடைவெளிகளில் சக்கரம் ஏறி இறங்கும் தடதடப்பையும், பக்கத் தூரிகை தரையில் உரசும் ஒலியையும் எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

அதே தரைதான் நமக்குப் பெரிய சலுகையும் தருகிறது. இதை விற்பவர்கள் சொல்வதில்லை. சொன்னால் விலை உயர்ந்ததை விற்க முடியாது. உறிஞ்சு திறனைப் பாஸ்கலில் போட்டு, 2,000 போதாது 5,000, அதுவும் போதாது 10,000, 20,000 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இந்தப் பந்தயத்துக்குப் பெரிய காரணம் கம்பளம். இழைகளுக்கு அடியில் போய் ஒளியும் மண்ணையும் நாய் முடியையும் பிடுங்கி எடுக்கத்தான் அந்த வலிமை. வழுவழுப்பான டைல்ஸின் மேல் கிடக்கும் தூசி, தலைமுடி, முறுக்குத் துகளுக்கு அது வேண்டாம். சைலன்ட் நிலையே போதும். சொல்லப்போனால் அதுதான் மேல்: வேகம் கூடினால் பக்கத் தூரிகை ரவையையும் கடுகையும் அள்ளுவதற்குப் பதில் அறையின் மறுமூலைக்குச் சிதறடிக்கும். கம்பளமே இல்லாத வீட்டுக்காரர் 20,000 பாஸ்கலுக்குக் காசு கொடுப்பது, தாம் ஒருபோதும் போடப் போகாத சத்தத்துக்குக் கொடுக்கும் காசு.

குழந்தையை எழுப்புவது எது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம். சீரான இரைச்சல் அவ்வளவு எளிதில் எழுப்புவதில்லை. சில சமயம் தூங்கவே வைக்கிறது. பிரிட்டனில் 1990இல் வெளியான ஆய்வொன்றில், பிறந்து ஒரு வாரத்துக்குள் இருந்த 40 சிசுக்களில் பாதிப் பேரைச் சீரான வெண்ணிரைச்சலைக் கேட்க வைத்தார்கள். அந்த 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான் தூங்கினார்கள். (இதற்காக ரோபோவைத் தாலாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கப்படும் 14 ஒலிக்கருவிகளை 2014இல் சோதித்தபோது, முழு அளவில் வைத்தால் எல்லாமே 30 செ.மீ. தூரத்தில் 50 டெசிபலைத் தாண்டின. அது மருத்துவமனைச் சிசு அறைகளுக்குப் பரிந்துரைத்த வரம்பு.) தூக்கத்தைக் கலைப்பது திடீரென்று எழும் ஒலி. அந்த வகையில் ரோபோவின் மோட்டாரைவிட அதன் வாய்தான் ஆபத்து. "சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. கட்டிலுக்கடியில் சிக்கினால் உதவி கேட்டு ஒரு கூப்பாடு. வேலை முடிந்ததும் இன்னொன்று. 55 டெசிபல் ரோபோவை வாங்கிவிட்டு இந்தக் குரலை முழு அளவில் விட்டுவைத்தவர்கள் ஏராளம். செயலியில் குரலை முற்றிலும் அணைக்க முடியுமா என்பது, டெசிபல் எண்ணைவிட முக்கியமான கேள்வி.

தானே குப்பையைக் காலி செய்துகொள்ளும் டாக் இதைவிட மோசம். ரோபோ அமைதியாகத் திரும்பி வந்து நிற்கும். உடனே டாக்கில் இருக்கும் பெரிய மோட்டார் சில விநாடிகள் உறுமிக் குப்பையைப் பைக்குள் இழுக்கும். அந்த விநாடிகளில் அது சாதாரண வேக்குவம் கிளீனர்தான். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டெசிபல் ரோபோவுடையது, டாக்குடையது அல்ல. தூசிக்கு அலர்ஜி உள்ள வீட்டுக்கு டாக் நல்லது என்பதை மறுக்கவில்லை. வாங்கினால் அதைப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். காலி செய்யும் நேரத்தை மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் சத்தத்தின் பகுதியே. முட்டி மோதித் திசை மாறும் மலிவு ரகம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பொழுதைக் கழிக்கும். லேசரால் தூரம் அளக்கும் லைடார் வைத்து அறையை வரைபடமாக்கி வரிசையாகப் போகும் ரகம் அதே வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். குழந்தை பள்ளிக்கோ பூங்காவுக்கோ போன நேரத்தில் முடித்துவிட்டால் டெசிபல் பேச்சே எழாது. விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த பாட்டிமார், ரோபோவின் நேரப் பட்டியலையும் சரியாகத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணில் படாமல் போகிற குறைகளும் உண்டு. 2015இல் தென் கொரியாவின் சாங்வன் நகரில், தரையில் படுத்துத் தூங்கிய ஒரு பெண்ணின் தலைமுடியை ரோபோ வேக்குவம் உள்ளிழுத்துக்கொண்டது; தீயணைப்புத் துறையினர் வந்துதான் விடுவித்தார்கள். நாமும் பாய் விரித்துத் தரையில் படுக்கிறவர்கள். தூளி கட்டிய வீட்டில் தாழத் தொங்கும் சேலையும் உருளும் தூரிகையில் சுற்றக்கூடியதே. தூளி கட்டிய இடத்தையும் பாய் போடும் இடத்தையும் செயலியில் தடைப் பகுதியாகக் குறித்துவிட வேண்டும். சத்தமில்லாத இயந்திரத்துக்கு இங்கே ஒரு பாதகமும் உண்டு: பக்கத்தில் வருவது தெரியாது. துடைக்கும் துணியோடு வரும் ரோபோ, குழந்தை கொட்டிய பாலையும் போன மூத்திரத்தையும் அடையாளம் காணாவிட்டால் ஹால் முழுக்க மெழுகிவிடும். நாய் எச்சத்தைக் கேமராவால் கண்டு ஒதுங்கும் ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா மாடல் 2021இலேயே வந்துவிட்டது. மழலைகள் உள்ள வீட்டின் தரையை மனத்தில் வைத்து யாரும் விளம்பரம் செய்வதாகத் தெரியவில்லை.

கேமரா என்றதும் இன்னொரு சங்கடம். ஐரோபோட் நிறுவனம் 2020இல் சோதனைக்குக் கொடுத்த ரோபோக்கள் எடுத்த வீட்டுப் படங்கள், அவற்றை வகைப்படுத்தும் வேலைக்காக வெளியே போய், சமூக ஊடகக் குழுக்களில் கசிந்ததை எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ 2022இல் வெளிக்கொண்டு வந்தது. முகம் தெரியத் தரையில் படுத்திருந்த ஒரு சிறுவனின் படமும் அதில் இருந்தது. 2024இல் அமெரிக்காவில் சில வீடுகளின் ஈகோவாக்ஸ் ரோபோக்களுக்குள் அந்நியர்கள் புகுந்து, அவற்றின் ஸ்பீக்கர் வழியாக வசைபாடினார்கள். கேமரா இல்லாத லைடார் ரோபோ படம் கசியும் அச்சம் தராது. ஆனால் அது சார்ஜர் ஒயரையும் சாக்ஸையும் கண்டு விலகாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் லைடாரைத்தான் சொல்வேன். ஒயரை நாம் எடுத்து வைத்துவிடலாம். கசிந்த படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆகக் கம்பளமில்லாத, குழந்தை தவழும் வீட்டுக்கு என் பரிந்துரை எளிமையானது: கேமரா இல்லாத லைடார் ரோபோ, நடுத்தர உறிஞ்சு திறன், டாக் இல்லாமல் கையால் கொட்டும் குப்பைப் பெட்டி, அணைக்கக்கூடிய குரல், சைல்டு லாக். காய்ந்து ஒட்டிய பருப்புச் சோற்றை அது எடுக்காது. அதற்கு ஈரத்துணியும் முழங்காலும்தான். வாங்கும் முன் வெறும் டைல்ஸ் தரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் சைலன்ட் நிலையில், பிறகு மேக்ஸ் நிலையில், டாக் உள்ள மாடலானால் குப்பை காலியாகும்போதும். ஓட்டிக் காட்ட மாட்டோம் என்கிற கடையில் வாங்காதீர்கள்.