கலை அரசி (1963): விஞ்ஞானம் வளர்ந்த கிரகம் கலையைத் தேடி வந்த கதை

கலை அரசி 1963 ஏப்ரல் 19 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஆகும். ஏ. காசிலிங்கம் இயக்கிய இந்தக் கருப்பு வெள்ளைப் படத்தில் எம். ஜி. ராமச்சந்திரன், பி. பானுமதி, எம். என். நம்பியார், ராஜஸ்ரீ ஆகியோர் நடித்தனர். உரையாடலை ரவீந்தர் எழுதினார், இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முதல் இந்தியப் படம் என்று திரை வரலாற்றாளர்கள் பலர் இதைக் குறிப்பிடுகின்றனர். ஆனால் 'முதல் படம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. படம் எதைச் சொல்ல முயன்றது, அதில் எவ்வளவு தேறியது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இக்கட்டுரை அதைப் பார்க்கிறது.

கதைச் சுருக்கம்

மோகன் (எம்.ஜி.ஆர்.) படித்த விவசாயி. செல்வர் வீட்டுப் பெண்ணான வாணியும் (பானுமதி) அவனும் காதலிக்கிறார்கள். வாணி சிறந்த பாடகி. வானில் வேறொரு கிரகம் இருக்கிறது. அங்கே விஞ்ஞானம் மிக வளர்ந்திருக்கிறது; ஆனால் இசையும் நடனமும் வளரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பூமியிலிருந்து தலைசிறந்த கலைஞர் ஒருவரைக் கொண்டுவர முடிவாகிறது. அவர்கள் கண்ணில் படுபவள் வாணி. தின்னா (நம்பியார்) பறக்கும் தட்டில் வந்து அவளைக் கடத்திச் செல்கிறான். அக்கிரகத்தின் இளவரசிக்கு (ராஜஸ்ரீ) அவள் கலை கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பின்னர் மோகனும் அந்தக் கிரகத்தை அடைகிறான். அங்கே தன்னைப் போலவே தோற்றமுள்ள ஒரு விதூஷகனின் இடத்தில் புகுந்து, வாணியை மீட்கப் போராடுகிறான். இதற்கிடையே பூமியில் வாணியைப் போலவே இருக்கும் வள்ளி என்ற பெண்ணை வைத்து ஒரு கிளைக்கதையும் நடக்கிறது. அந்த வேடத்திலும் பானுமதியே நடித்தார்.

படம் வந்த காலம்

யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று விண்வெளிக்குச் சென்று 108 நிமிடங்களில் திரும்பினார். அதே ஆண்டின் இறுதியில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். வாலன்டினா தெரஷ்கோவா விண்வெளி சென்ற முதல் பெண்மணி ஆனது 1963 ஜூன் மாதத்தில். கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது 1963 நவம்பர் 21 அன்று. அதாவது, நம் நாட்டிலிருந்து ஒரு சிறு ராக்கெட் மேலே போவதற்கு ஏழு மாதம் முன்பே தமிழ்த் திரையில் பறக்கும் தட்டு இறங்கிவிட்டது.

அன்றைய பார்வையாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டெல்லியில் 1959இல் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு 1975இல்தான் வந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கணியம்பாடி எல்லாம் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவற்றில் மின்விளக்கே எட்டியிருக்கவில்லை. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த அந்த மக்களுக்கு, எங்கோ இருந்துகொண்டு பூமியில் பாடுபவளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காட்சி பறக்கும் தட்டுக்குச் சமமான அதிசயமாகவே இருந்திருக்கும்.

கருவின் புதுமை

வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு ஏன் வருகிறார்கள்? ஒவ்வொரு படமும் இதற்குத் தரும் விடையில்தான் அந்தப் படத்தை எடுத்த சமூகத்தின் கவலை தெரியும். 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்ற அமெரிக்கப் படத்தில், மனிதர்களின் ஆயுத வெறியை எச்சரிக்க ஒருவன் வருகிறான். 1953இல் வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தில் உலகைப் பிடிக்கவே வருகிறார்கள். 1955இல் வந்த 'திஸ் ஐலேண்ட் எர்த்' படத்தில், போரில் அழிந்துகொண்டிருக்கும் ஒரு கிரகம் தன்னைக் காத்துக்கொள்ள நம் விஞ்ஞானிகளைக் கொண்டுபோகிறது. அணுகுண்டு அச்சம் நிறைந்த நாட்டின் கற்பனைகள் இவை.

கலை அரசியின் விடை இவற்றில் எதையும் போன்றதன்று. இங்கே வருபவர்களுக்கு நம் நிலம் வேண்டாம், நம் விஞ்ஞானமும் வேண்டாம். அதை அவர்கள் நம்மைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது பாட்டு. ஒரு பாடகியைத் தேடி ஒரு கிரகம் வருகிறது! அறிவியல் புனைவு வரலாற்றில் இது எளிதில் காணக்கிடைக்காத கற்பனை. விண்வெளிப் போட்டியில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முந்திக்கொண்டிருந்த வேளையில், அந்தப் போட்டியில் இன்னும் கால்வைக்காத ஒரு நாட்டின் படம், 'எங்களிடமும் நீங்கள் தேடி வரக்கூடிய ஒன்று உண்டு' என்று சொல்கிறது. அதில் கொஞ்சம் தற்பெருமையும் உண்டு, கொஞ்சம் ஏக்கமும் உண்டு.

பழங்கதைகளின் சாயல்

இந்தக் கதை தமிழ்ப் பார்வையாளருக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. வானூர்தியில் ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்வதும், அவளை மீட்க நாயகன் எல்லை தாண்டிப் போவதும் இராமாயணத்தின் அமைப்பு. தொலைவிலிருந்தே உருவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பிறகு வான்வழியே கொண்டுவருவது உஷை–அநிருத்தன் கதையில் உண்டு. உஷையின் கனவில் வந்தவன் யாரென்று அறியச் சித்திரலேகை இளவரசர்களின் படங்களை வரைந்து காட்டுவாள்; அடையாளம் கண்டதும் உறங்கும் அநிருத்தனை வான்வழியே தூக்கி வருவாள்.

வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்து மரபும் நினைவுக்கு வருகிறது. கூத்தில் எதிர்நாயகன் திரைக்குப் பின்னிருந்து ஆரவாரத்தோடு வருவான். முடியும் புஜக்கட்டையும் அவனைச் சாதாரண மனிதனிலிருந்து பிரித்துக் காட்டும். அவன் வேற்றுலகத்தவன் என்பதை நம்ப அதற்கு மேல் சான்று தேவைப்படாது. நம்பியாரின் தின்னாவும் இப்படிப்பட்ட வேடம்தான். ராஜா ராணிப் படங்களின் அலங்காரமும் மேலைநாட்டு விண்வெளிப் படங்களின் அலங்காரமும் அவர் உடையில் கலந்திருக்கின்றன. இன்று பார்ப்பவர் சிரிக்கலாம். கூத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது போதுமானதாகவே இருந்திருக்கும்.

பானுமதி என்ற பொருத்தம்

உலகிலேயே சிறந்த கலைஞர் என்று ஒரு பெண்ணைத் திரையில் காட்டுவது எளிது. அதை நம்பச் செய்வது கடினம். இங்கே தேர்வு சரியாக அமைந்தது. பானுமதி தன் பாடல்களைத் தானே பாடிய நடிகை. சண்டிராணி (1953) படத்தை இயக்கியவர், பரணி ஸ்டூடியோவை நடத்தியவர், தெலுங்கில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். யாருக்கும் அடங்கிப் போகாதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் 'எங்கள் கிரகத்துக்கு வந்து பாடு' என்று அதிகாரம் செய்பவர்களின் எதிரில் நிற்கும்போது, அந்தப் பாத்திரத்துக்குத் தனி நிமிர்வு கிடைக்கிறது.

படத்தின் குறைகள்

இவ்வளவு நல்ல கருவைப் படம் தொடர்ந்து வளர்க்கவில்லை என்பதே அதன் பெருங்குறை. கலையே இல்லாத ஓர் உலகம் எப்படி இருக்கும்? அங்கே தாய் குழந்தையை எப்படித் தூங்க வைப்பாள்? முதன்முதலாகப் பாட்டைக் கேட்பவரின் முகம் எப்படி மாறும்? கேட்கக் கேட்க அந்தச் சமூகம் மாறுமா? கதையே எழுப்பும் இக்கேள்விகளைப் படம் தொட்டும் தொடாமலும் விடுகிறது. மோகன் அந்தக் கிரகத்தை அடைந்தபின் அது வழக்கமான அரண்மனைச் சூழ்ச்சிக் கதை ஆகிவிடுகிறது.

அதன் இரண்டாம் பகுதி, நாடோடி மன்னன் (1958) படத்தில் வெற்றி பெற்ற உத்தியின் நிழலிலேயே நகர்கிறது. அங்கே நாடோடி, தன்னைப் போன்ற மன்னனின் இடத்தில் அமர்ந்தான். இங்கே விவசாயி, தன்னைப் போன்ற விதூஷகனின் இடத்தில் புகுகிறான். முன்னதில் அந்த ஆள்மாறாட்டத்துக்கு ஓர் அரசியல் பொருள் இருந்தது: ஏழை ஆண்டால் என்ன செய்வான் என்று மக்கள் பார்த்தார்கள். பின்னதில் அது மறைந்து நடமாட ஒரு வழி மட்டுமே. வேற்றுக்கிரகத்திலும் அச்சு அசலாக ஒருவன் இருப்பது எப்படி என்று படம் கேட்டுக்கொள்வதும் இல்லை. பூமியிலும் ஓர் உருவ ஒற்றுமைக் கதை ஓடுவதால் பார்ப்பவரின் கவனம் சிதறுகிறது.

வில்லனின் வார்ப்பிலும் ஒரு வாய்ப்பு நழுவியது. கலை வேண்டும் என்பது தீய ஆசை அன்று. அதைக் கேட்டுப் பெறாமல் கவர்ந்து வந்ததே தீமை. இந்த வேறுபாட்டைத் தின்னாவின் பாத்திரம் சுமந்திருந்தால், அவன் தமிழ்த் திரையின் மறக்க முடியாத எதிர்நாயகர்களில் ஒருவனாகியிருப்பான். நம்பியாருக்கு அந்த ஆற்றல் இருந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்தது எம்.ஜி.ஆரோடு மோதித் தோற்கும் பழைய வேலை.

அறிவியல் நோக்கில்

இது அறிவியலைக் கற்பிக்கும் படம் அன்று. அந்தக் கிரகத்திலும் தமிழ்தான் பேசுகிறார்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதன் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 4.2 ஆண்டுகள் ஆகும். ககாரின் சென்ற விண்கலத்தின் வேகம் மணிக்குச் சுமார் 27,400 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பிராக்சிமாவுக்குச் செல்ல ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பறக்கும் தட்டு எவ்வளவு பெரிய கற்பனை என்பது அப்போது விளங்கும். ஆனால் கற்பனைக்கு மதிப்பெண் போடும்போது தூரத்தை மட்டும் அளப்பது நியாயமாகாது. விண்வெளியை மேற்கத்திய ஊர்களுக்கு உரியது என்று ஒதுக்காமல், ஒரு விவசாயியை அங்கே அனுப்பலாம் என்று எண்ணியது சிறிய காரியம் அன்று.

சில ஆண்டுகளிலேயே அந்த எண்ணத்துக்கு உண்மை உருவமும் வந்தது. கணியம்பாடியை அடுத்த அமிர்திக் காடுகள் சவ்வாது மலைத்தொடரைச் சேர்ந்தவை. அதே மலைத்தொடரில், வாணியம்பாடிப் பக்கம் உள்ள காவலூரில் 1960களின் இறுதியில் வானாய்வு தொடங்கியது. 1986இல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1988இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

ஏன் மறக்கப்பட்டது?

1963இல் மட்டும் எம்.ஜி.ஆர். நடித்து ஒன்பது படங்கள் வந்தன. பணத்தோட்டம், பெரிய இடத்துப் பெண், தர்மம் தலைகாக்கும் போன்றவற்றின் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. காசிலிங்கமே அதே ஆண்டில் எம்.ஜி.ஆரை வைத்துக் காஞ்சித் தலைவன் எடுத்தார். பல்லவர் வரலாறும் வேற்றுக்கிரகமும் ஒரே இயக்குநரிடமிருந்து ஒரே ஆண்டில் வந்ததில் வரலாறு நினைவில் நின்றது, கிரகம் நிற்கவில்லை. எம்.ஜி.ஆரின் அரசியல் பிம்பத்துக்கு மீனவனும் ரிக்‌ஷாக்காரனும் விவசாயியும் பொருந்தினார்கள்; விண்வெளி வீரன் பொருந்தவில்லை. இப்படம் யாருக்கும் தொடக்கமாகவும் அமையவில்லை. இதைப் பின்பற்றித் தமிழில் ஒரு விண்வெளிப் பட வரிசை உருவாகவில்லை. 2018இல் வந்த டிக் டிக் டிக், இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. 2024இல் வந்த அயலான் வேற்றுக்கிரகவாசியை நண்பனாக்கி, மனிதனின் பேராசையை வில்லனாக்கியது. 61 ஆண்டுகளில் வந்த மாற்றத்தை அறிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

மதிப்பீடு

கலை அரசி பெரிய படம் அன்று. பெரிய கேள்வி ஒன்றைக் கேட்ட படம். விஞ்ஞானம் மட்டும் வளர்ந்து கலை வளராத உலகத்துக்கு என்ன குறை? இக்கேள்வி பழையதாகிவிடவில்லை. தேர்வு நெருங்கினால் பாட்டு வகுப்பும் ஓவிய வகுப்பும் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுவது பள்ளிகளில் எல்லோரும் அறிந்த வழக்கம். ஓவியத்தில் தேர்ந்த பிள்ளையை 'மார்க் வாங்கும் பாடத்தைப் படி' என்று திருப்பிவிடுவதும் உண்டு.

இந்தத் தோல் தொழில் வட்டாரமே அதற்கு மறுப்பு. குரோமிய உப்பால் தோலைப் பதனிடுவது வேதியியல். எந்தத் தோல் எந்தப் பக்கம் இழுபடும் என்று கைவிரலால் அறிந்து வெட்டுவதும், காலணிக்கு வடிவம் வரைவதும் கலை. ஒன்றில்லாமல் மற்றொன்று விலைபோகாது. அந்தக் கிரகத்தின் தவறு விஞ்ஞானத்தை வளர்த்தது அன்று. கலையைத் தன் பிள்ளைகளிடம் வளர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு வேண்டும் என்றபோது அடுத்த ஊரிலிருந்து கடத்திக்கொண்டு வரலாம் என்று நினைத்ததே தவறு. படம் இதை உரக்கச் சொல்லவில்லை என்றாலும், கதைக்குள் அது இருக்கிறது. அதைத் தேடி எடுக்கும் பொறுமையுள்ளவர்களுக்கு இப்படம் இன்றும் பார்க்கத்தக்கது.