வாயில்லா ஜீவன்களுக்கு நிதி திரட்டுவது: இந்தியாவிலும் இலங்கையிலும்

அடிபட்ட தெருநாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறவர் சென்னையிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. முதல் சில நாய்கள் வரை கைக்காசு தாங்கும். பிறகு நண்பர்களிடம் கேட்பார்; அதுவும் வற்றியதும் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பார். அந்தக் கட்டத்தில் அவருக்கு ஓர் அமைப்பு தேவைப்படுகிறது: ஒரு பெயர், ஒரு வங்கிக் கணக்கு, யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு வரவு செலவுப் புத்தகம். இரு நாடுகளும் வேறுபடுவது இங்கேதான். இந்தியச் சட்டம் உள்ளூர்ப் பணத்துக்கு வழி அமைத்துவிட்டு வெளிநாட்டுப் பணத்தைக் கெடுபிடியோடு வடிகட்டுகிறது. இலங்கையில் வெளிநாட்டுப் பணம் எளிதில் வருகிறது. உள்ளூர்க்காரர் கொடுப்பதற்குச் சட்டத்தின் ஊக்கம் ஏறக்குறைய இல்லை.

இந்த வேறுபாட்டின் வேர் பழையது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றுவதாக நேரு உறுதி கொடுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது; அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். இலங்கையில் இன்னும் கைக்கொள்ளப்படுவது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய வரைவு ஒன்றைத் தயாரித்தது. 2010இல் அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். அது சட்டமாகவில்லை.

தண்டனையைப் பார்த்தால் இரண்டும் சிரிப்புக்குரியவை. இலங்கைச் சட்டத்தில் அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். இந்தியச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய். உண்மையான வித்தியாசம் வாரியம்தான். அதன் அங்கீகாரம் பெற்ற அமைப்பு காப்பகத்துக்கும் ஆம்புலன்சுக்கும் மானியம் கேட்கலாம். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தை நடத்தவும் அந்த அங்கீகாரம் வேண்டும். அதற்கான செலவை மாநகராட்சியோ நகராட்சியோ கொடுக்கிறது. இலங்கையில் இப்படி அங்கீகாரம் தரவும் மானியம் தரவும் தனி அமைப்பு கிடையாது.

பதிவு செய்வது இரு நாட்டிலும் பெரிய மலையல்ல. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் தொடங்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கற்ற நிறுவனமும் ஆகலாம். இலங்கையில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. மற்றொன்று, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவது. ஏழை, நோயாளர், அநாதை ஆகியோருக்கான சேவையை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. நாயும் பூனையும் அதில் ஓரமாகத்தான் இடம் தேட வேண்டும்.

வரிச் சலுகையில் இடைவெளி இன்னும் பெரிது. இந்தியாவில் 80ஜி என்ற பெயரில் பழகிப்போன கழிவின்படி, தகுதியான விலங்கு நல அமைப்புக்குக் கொடுத்த தொகையில் பாதியை, உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்திலிருந்து கழிக்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. தவிர, கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் விலங்கு நலம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. காப்பகம் தொடங்குகிறவர் ஒரு தொழிற்சாலையின் கதவைத் தட்டினால், அங்கே இருப்பவர் தன் சொந்தப் பையிலிருந்து கொடுப்பதாக நினைக்க வேண்டியதில்லை.

இலங்கையில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் தனியாளின் நன்கொடைக்குக் கழிவு தருகிறது. ஆனால் வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபாய், இரண்டில் குறைந்ததுதான் எல்லை. அதுவும் நோயாளருக்கும் வறியவருக்கும் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்களைக் கருதியது. அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையிலோ 3 சதவீதத்தை வருமானமாகக் கணித்து வரி கேட்கிறது அதே சட்டம். கொடுக்கிறவருக்குச் சலுகை இல்லை, வாங்குகிறவருக்கு வரி என்பதே நடைமுறை.

ஆகவே இலங்கை வேறு வழி கண்டது. ஓடெல் நிறுவனத்தை உருவாக்கிய ஓட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க், நாய்ப்படம் போட்ட சட்டைகளையும் பொருட்களையும் விற்று அந்தப் பணத்தை மீட்புக்கும் கருத்தடைக்கும் செலவிட்டது. நன்கொடை கேட்பதைவிட விற்பது அங்கே எளிதாக இருந்தது. தெற்குக் கரையில் மிதிகமவில் காப்பகம் நடத்தும் அனிமல் எஸ்ஓஎஸ் ஸ்ரீலங்கா, பிரிட்டனில் பதிவான அறநிறுவனம். வரி செலுத்தும் பிரிட்டிஷ்காரர் தன் நாட்டு அறநிறுவனத்துக்கு ஒரு பவுண்டு கொடுத்தால், அந்த அறநிறுவனம் அந்நாட்டு அரசிடம் இன்னும் 25 பென்ஸ் கேட்டு வாங்க முடியும். கொழும்பு தராத சலுகையை லண்டன் தருகிறது. உல்லாசப் பயணிகள் வரும் கடற்கரையை ஒட்டி இந்த வழி பலிக்கிறது. வன்னியின் உள்ளூர்ச் சந்தியில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாயைப் படமெடுக்க ஐரோப்பியர் எவரும் வருவதில்லை.

வடக்கில் அந்த இடத்தை நிரப்புவது சமயமும் புலம்பெயர்ந்தோரும். முதியோர் இல்லம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலை என்று நடத்திவரும் சிவபூமி அறக்கட்டளை, இயக்கச்சியில் நாய்களுக்கும் சரணாலயம் அமைத்தது. மனிதருக்குச் செய்த தொண்டால் கிடைத்த நம்பிக்கை நாய்க்கும் சோறு போடுகிறது.

டொரன்டோவில் இருக்கும் ஈழத்தமிழர் இயக்கச்சிக்குப் பணம் அனுப்புவது எளிது. அவரே கனடியக் குடிமகனாகிச் சென்னைக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்ப நினைத்தால், அந்தக் காப்பகத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்ட அனுமதி இருக்க வேண்டும். பதிவு கோரும் அமைப்புக்கு மூன்று வருட வயதும், அந்த மூன்று வருடங்களில் தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெற்ற தொகையை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. அனுமதி வைத்திருக்கும் பெரிய அமைப்பு, பக்கத்து ஊரின் சின்னக் காப்பகத்துக்கு அந்தப் பணத்தில் ஒரு மூட்டை அரிசிக்குக்கூடத் தொகை கொடுக்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டை விடாத துபாய்த் தமிழர் அனுப்புவது மட்டும் வெளிநாட்டு நன்கொடையாகாது.

இரண்டு முறைகளிலும் பலவீனம் உண்டு. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது பவுண்டில் பணம் வந்த காப்பகம் தாக்குப்பிடிக்க வழி இருந்தது. உள்ளூரில் ரூபாயாகத் திரட்டியவர் கையில் இருந்த தொகைக்கு முன்பு வாங்கிய அளவு மருந்து கிடைக்கவில்லை. இந்தியாவில் 2023–24 முதல் இயல்பாகிவிட்ட புதிய வருமான வரிமுறையில் 80ஜி கழிவே இல்லை. மாதச் சம்பளக்காரரை நன்கொடைக்கு இழுத்த கயிறு தளர்ந்துகொண்டிருக்கிறது.

இரு நாட்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. கால் ஒடிந்த குட்டியின் படத்துக்குப் பணம் கொட்டும். அந்தக் குட்டி வளர்ந்து பத்து வருடம் தின்னும் சோற்றுக்கு வராது. கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் இன்னும் குறைவாகவே வரும். ஆனால் ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு குட்டியைக் காப்பதைவிடப் பெரிய வேலை அதுதான்.

தொடங்க நினைப்பவர் பெயரையும் முத்திரையையும் பிறகு யோசிக்கலாம். பணம் யாரிடமிருந்து வரும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பதிவின் வடிவம் அதிலிருந்து தானே வரும். சொந்தக் கணக்கின் கியூஆர் கோடை நீட்டுவதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். வரவு செலவை மாதந்தோறும் பொதுவில் வைக்க வேண்டும். கொடுக்கிறவருக்கும் ஒரு வேலை உண்டு: ஒரு படத்தைப் பார்த்து ஐயாயிரம் அனுப்புவதைவிட, கணக்குக் காட்டும் ஒரு காப்பகத்துக்கு மாதம் ஐந்நூறு அனுப்புங்கள், வருடக் கடைசியில் கணக்கையும் கேளுங்கள்.