இரண்டாவது சீருடையின் கணக்கு

சிப்பாயாகச் சேர்ந்து பதினேழு, இருபது ஆண்டுகள் முடித்துப் பென்ஷன் வரும் ஒருவருக்கு நாற்பது வயதுகூட நிறைந்திருக்காது. மூத்த பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும். வீடு மேல்தளம் போடாமல் நிற்கும். முப்படைகளிலிருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள். பெரும்பாலானவர்களைத் தேடி வரும் முதல் வேலை காவல் வேலைதான். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்களில், "பென்ஷன் வந்தாச்சா? செக்யூரிட்டிக்கு ஆள் கேட்கிறாங்க, போறீங்களா அண்ணே?" என்பது நலம் விசாரிப்போடு சேர்ந்தே வரும் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரே ஒரு வேலை இருப்பதாக எண்ணிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. டிஎஸ்சி எனப்படும் பாதுகாப்புத் துறைக் காவல் படை, தமிழக அரசின் டெக்ஸ்கோ, தனியார் ஏஜென்சி என மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றிலும் சீருடை உண்டு, வாயிற்கதவு உண்டு, இரவுப் பணி உண்டு. மற்ற எல்லாமே வேறு. சம்பளம், உடம்பு, மரியாதை, கடைசியில் கையில் நிற்பது என்ன என்று நான்கு வகையிலும் எடைபோட்டால்தான் எந்த வாசலில் நுழையலாம் என்பது தெரியும்.

எடைபோடுவதற்கு முன் பென்ஷன் கணக்கு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். பதினைந்து ஆண்டு சேவை முடித்த ஜவானுக்குப் பென்ஷன் உண்டு. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலை நிவாரணம். அந்தப் பென்ஷனில் பாதி வரை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். கம்யூட்டேஷன் என்பார்கள். வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம், கிணறு, நிலம் என்று காத்திருக்கும் செலவுகளுக்கு நடுவே அதை வாங்காமல் வருகிறவர் குறைவு. விட்டுக்கொடுத்த பகுதி பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் பென்ஷனில் சேரும். ஆக, பிள்ளைகள் படிக்கும் காலம் முழுவதும் மாதப் பென்ஷன் வெட்டுப்பட்டே வருகிறது. முன்னாள் படைவீரர் காவல் வேலைக்குப் போவதைப் பலர் பொழுதுபோகாத குறை என்று நினைக்கிறார்கள். அந்த வெட்டை நிரப்பத்தான் அவர் போகிறார். வேலை கொடுப்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். பென்ஷன் வாங்குகிறவர் குறைந்த சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்வார் என்ற கணக்கின் மீதுதான் இந்தத் தொழிலின் சம்பள விகிதமே நிற்கிறது.

இனி டிஎஸ்சி. 1947-ல் மதுராவில் தொடங்கப்பட்டு, 1958-ல் இன்றைய பெயரைப் பெற்ற படை இது. இதன் மையம் இப்போது கேரளத்தின் கண்ணூரில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களையே பெரும்பாலும் மறுபடி சேர்த்துக்கொண்டு, ஆயுதக் கிடங்குகள், விமானப்படைத் தளங்கள், கடற்படைத் தளங்கள், வெடிமருந்துத் தொழிற்சாலைகள், ஆராய்ச்சிக் கூடங்கள் ஆகியவற்றைக் காக்க அனுப்புகிறார்கள். நம் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையின் வாசலைக் கடந்தவர்கள் இவர்களைப் பார்த்திருப்பார்கள்.

சம்பளத்தில் டிஎஸ்சிக்குப் போட்டியே இல்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் மற்றப் படிகளும் அதற்கு மேல். பழைய பென்ஷனை வாங்கிக்கொண்டே இந்தச் சம்பளத்தையும் வாங்கலாம். அல்லது பழைய சேவையையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லிப் பென்ஷனை நிறுத்திவைக்கலாம். முதல் வழியைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். கேண்டீன், ராணுவ மருத்துவமனை, ஆண்டு விடுப்பு எல்லாம் முன்பு போலவே தொடரும்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஹவில்தாராக ஓய்வு பெற்று ஒரு செக்‌ஷனை நடத்தியவரும் இங்கே மறுபடி சிப்பாயாகத்தான் சேர வேண்டும். மருத்துவத் தகுதியில் ஷேப்-1, அதாவது குறை இல்லாத முழுத் தகுதி, வேண்டும். எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். இருபது ஆண்டுகள் கணவர் இல்லாமல் குடும்பத்தை நடத்திய மனைவி, 'இனியாவது வீட்டில் இருப்பார்' என்று காத்திருந்தவர், அசாமிலோ ராஜஸ்தானிலோ இன்னும் ஒரு பதினைந்து ஆண்டு என்ற செய்தியை எப்படி வாங்கிக்கொள்வார் என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது. டிஎஸ்சியின் உண்மையான விலை இதுதான். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

அடுத்தது இரண்டாவது பென்ஷன். டிஎஸ்சி சேவைக்குத் தனியாகப் பென்ஷன் வேண்டுமென்றால் அங்கும் பதினைந்து ஆண்டுகள் முடிக்க வேண்டும். ஐம்பத்தேழு வயதில் வெளியே வந்துவிட வேண்டும். கூட்டிக் கழித்தால் நாற்பத்திரண்டு வயதுக்குப் பிறகு சேருகிறவருக்குப் பதினைந்து ஆண்டு நிறைய வாய்ப்பே இல்லை. ஒரு சில மாதக் குறைவால் இரண்டாவது பென்ஷனை இழந்தவர்கள் ராணுவத் தீர்ப்பாயத்தின் படியேறியிருக்கிறார்கள். ஓராண்டுக்குள் இருக்கும் குறைவை மன்னித்துப் பென்ஷன் தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் உண்டு, அரசு தரப்பு அதை எதிர்த்து மேலே போனதும் உண்டு. பதினான்கு ஆண்டு சில மாதம் துப்பாக்கியோடு நின்ற ஒருவரை நீதிமன்ற வாசலில் நிற்கவைப்பது நியாயமே இல்லை. சேரும் நாளிலேயே வயதைப் பார்த்து, 'உங்களுக்கு இரண்டாவது பென்ஷன் வராது' என்று எழுத்தில் சொல்லிவிட்டால் பாதி வழக்குகள் எழுந்திருக்காது. மறுபக்கம், நாற்பதுக்குள் சேருகிறவருக்குக் கணக்கு மிக நன்றாக அமைகிறது. கம்யூட் செய்த பகுதி திரும்பி வரும் பதினைந்தாம் ஆண்டும், இரண்டாவது பென்ஷனுக்குத் தகுதி வரும் பதினைந்தாம் ஆண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேரும்.

இந்த வேலையில் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் பதான்கோட் விமானப்படைத் தளத்தை நினைவுபடுத்த வேண்டும். 2016 ஜனவரி 2 அதிகாலை அந்தத் தளத்துக்குள் தீவிரவாதிகள் புகுந்தார்கள். அந்தத் தாக்குதலில் இறந்த ஏழு வீரர்களில் ஐந்து பேர் டிஎஸ்சியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஃபதே சிங், 1995 காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வென்றவர். இன்னொருவர் ஜகதீஷ் சந்த். கையில் ஆயுதம் இல்லாமல் சமையற்கூடத்துப் பக்கம் இருந்தவர், துப்பாக்கியோடு வந்தவன் மீது பாய்ந்து, அவன் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். பிறகு மற்றவர்களின் குண்டுக்கு இரையானார். அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுக்கப்பட்டது. அந்த வீரத்துக்கு முன்னால் தலைவணங்குகிறேன். ஆனால் திறனாய்வு அங்கே நின்றுவிடக் கூடாது. எல்லையை ஒட்டிய, முன்னெச்சரிக்கையும் கிடைத்திருந்த ஒரு போர் விமானத் தளத்தில், ஓய்வு பெற்று மீண்டும் வந்தவர்கள் வெறுங்கையோடு தாக்குதலின் முதல் அடியை வாங்கும் நிலை ஏன் வந்தது? நாடாளுமன்ற நிலைக்குழுவும் அந்தத் தளத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கடுமையாகக் குறை சொன்னது. டிஎஸ்சியில் சேருகிறவர் 'இனி எல்லாம் வாசற்காவல்தானே' என்று எண்ணிப் போகக் கூடாது. அவரை அனுப்புகிறவர்களும் அப்படி எண்ணக் கூடாது.

உடம்பைப் பற்றிச் சொல்லும்போது ராணுவக் காவலின் ஓர் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரி இரண்டு மணி நேரம் நிற்பார், பிறகு நான்கு மணி நேரம் ஓய்வு. மாறும்போது ரவை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருட்டில் காலடிச் சத்தம் கேட்டால் 'தம்! கோன் ஆத்தா ஹை?' என்று அதட்டி நிறுத்த வேண்டும். வருகிறவர் கர்னலாக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். இந்த இரண்டு மணி நேரக் கணக்கு பழைய சம்பிரதாயம் மட்டுமில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-ல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் போன்ற ஒன்றை ஆட்களை இரண்டு மணி நேரம் தொடர்ந்து கவனிக்கச் சொன்னார். அது எப்போதாவது இரட்டையாகத் தாவுவதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி கடந்ததுமே தவறவிடுவது கூடியது. ஒன்றும் நடக்காத இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளையால் நெடுநேரம் முடியாத காரியம்.

இந்த அளவுகோலைத் தனியார் காவலுக்குக் கொண்டு போனால் அந்த வேலையின் முழு அவலமும் தெரியும். அங்கே வழக்கம் பன்னிரண்டு மணி நேரம். எட்டு மணி நேரப் பணி என்றால் ஒரு வாசலுக்கு மூன்று பேர் வேண்டும், பன்னிரண்டு என்றால் இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆளின் சம்பளம் மிச்சம். யாரோ ஒருவரின் மிச்சத்துக்காக ஐம்பது வயது மனிதர் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். அபார்ட்மென்ட் என்றால் அதோடு தண்ணீர் மோட்டார் போட வேண்டும், பார்சல் வாங்கி வைக்க வேண்டும், கார் எண் எழுத வேண்டும், பின்வீட்டுக்காரர் நாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். இரவில் அவர் கண்ணயர்ந்ததைப் படம் எடுத்துக் குடியிருப்போர் குழுவில் போடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒருவரை நிறுத்திவிட்டு அவர் தூங்கினார் என்று குற்றம் சாட்ட யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தக் கூடாது என்கிறது. அதன் மாதிரி விதிகளின்படி புதிய காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும். முன்னாள் படைவீரருக்கு அது 40, 16 என்று குறைகிறது. அவருடைய அனுபவத்துக்குச் சட்டம் தரும் மதிப்பு அது. அந்த மதிப்பு சம்பளத்தில் தெரிகிறதா என்பதே கேள்வி. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் பிடிக்கிறார்களா, எந்தச் சம்பளத்தின் மேல் பிடிக்கிறார்கள் என்று முதல் மாதமே கேட்க வேண்டும். அடிப்படையைச் சின்னதாகக் காட்டி மீதியைப் படிகளாகப் பிரித்துவிட்டால் பிஎஃப் சுருங்கிவிடும். மறுகுடியமர்த்தல் இயக்குநரகத்தில், அதாவது டிஜிஆரில், பதிவு பெற்ற ஏஜென்சி மூலம் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் நிலை இதைவிட மேல். அங்கே ஆயுதம் இல்லாத காவலருக்கும் ஆயுதம் உள்ள காவலருக்கும் மத்திய அரசின் தனித்தனிக் குறைந்தபட்சக் கூலி பொருந்தும்.

கன்மேன் வேலை பற்றியும் சொல்ல வேண்டும். பணம் கொண்டுபோகும் வண்டியிலும் நகைக்கடை வாசலிலும் நிற்பவர் பலர் தங்கள் சொந்த உரிமத்தில், சொந்தக் காசில் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வேலைக்கு வருகிறவர்கள். ஏதாவது நடந்தால் உரிமமும் பொறுப்பும் அவர் பெயரில் இருக்கும். ஏஜென்சி கொடுக்கும் கூடுதல் சில ஆயிரத்துக்கு அது பெரிய சுமை. ஆயுதம் நிறுவனத்தின் பெயரில் இல்லையென்றால் இந்த வேலையை ஏற்கக் கூடாது என்றே சொல்வேன்.

டிஎஸ்சிக்கும் தனியார் காவலுக்கும் நடுவில் நிற்பது டெக்ஸ்கோ. முன்னாள் படைவீரர்களுக்கென்றே தமிழக அரசு 1986-ல் தொடங்கிய கழகம் இது. மின்வாரியம், அரசு மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று ஆள் அனுப்புகிறது. நிரந்தர வேலை இல்லை, சம்பளமும் டிஎஸ்சி அளவுக்கு வராது. ஆனால் முதலாளி அரசுக் கழகம், சொந்த மாவட்டத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. நாற்பத்திரண்டைத் தாண்டியவருக்கும், குடும்பத்தோடு இருக்க விரும்புகிறவருக்கும் மூன்றில் இதுதான் பொருத்தம். நாற்பதுக்குள் இருப்பவர், வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டால், டிஎஸ்சி. பன்னிரண்டு மணி நேரத் தனியார் காவல், எட்டு மணி நேரமாக மாறும் வரை, வேறு எதுவும் கிடைக்காதவருக்கு மட்டும்.

இத்தனையும் பென்ஷன் இருக்கிறவருக்கான தீர்ப்பு. பென்ஷன் இல்லாமல் படையிலிருந்து வெளியேறுகிறவர்களும் இப்போது வரத் தொடங்குகிறார்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் வரை மட்டுமே படையில் நிலைப்பார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். முதல் அணியின் நான்கு ஆண்டுகள் 2026 கடைசியோடு முடிகின்றன. இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு வயதுக்குள் இருக்கும், அக்னிவீரர் எனப்படும் இந்த இளைஞர்களுக்கும் அதே காவல் வேலையைக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. மூத்த ஜவானுக்கு அந்தச் சம்பளம் பென்ஷனுக்கு மேல் வரும் தொகை. அக்னிவீரருக்கு அதுதான் முழு வருமானம். அதை வைத்துக் கல்யாணம் செய்து, வாடகை கொடுத்து, பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது. பதவி உயர்வு என்று சொல்ல அந்த வேலையில் சூப்பர்வைசருக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவர் போக வேண்டிய இடம் மத்தியத் துணை ராணுவப் படைகளும் மாநிலக் காவல்துறையும். அசாம் ரைஃபிள்ஸ் உட்பட மத்தியப் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு 2022-லேயே அறிவிக்கப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு அரசு வேலைகளில் ஒதுக்கிய இடங்கள் பல துறைகளில் ஆண்டுக்கணக்கில் நிரம்பாமலே கிடந்திருக்கின்றன என்பதால், அறிவிப்பை மட்டும் நம்பிவிட முடியாது. எத்தனை இடம் ஒதுக்கினார்கள், எத்தனை நிரப்பினார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் படைவாரியாக நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லி நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். முதல் அணி வெளியே வரும் ஆண்டிலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும்.