மடவையின் பக்கம்

பழவேற்காட்டு ஏரியில் படகை விட்டு இறங்குகிறவர்கள் கேட்பது இறால் வறுவல், கிடைக்காவிட்டால் நண்டு, அதுவும் இல்லையென்றால் வஞ்சிரம். மூன்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறால் இன்று பெரும்பாலும் கடலோரக் குட்டைகளில் தீவனம் தின்று வளர்கிறது. வஞ்சிரம் கடல் மீன்; சென்னைக் காசிமேட்டில் வாங்கினாலும் அதே வஞ்சிரம்தான். ஏரிக்கென்று ஒரு ருசி உண்டென்றால் அது மடவை மீனில்தான் இருக்கிறது. மடவை கடலில் பிறந்து, குஞ்சாக முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, சேற்றின்மேல் படிந்த பாசியையும் மக்கலையும் மேய்ந்து கொழுக்கிறது. மண்ணோடு விழுங்கியதை அரைக்க அதன் இரைப்பை கோழியின் கற்குடல்போல் தடித்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொட்டுகின்றன, கோடையில் உப்பு ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் தின்று வளர்ந்த சதை அது. இப்படி இடத்தின் ருசியை மதிக்கிற ஊர்கள் உண்டு. குரோவேஷியாவின் பாக் தீவில் போரா காற்று கடலுப்பை மேய்ச்சல் நிலத்தில் தெளிக்கிறது. அங்கே மேயும் செம்மறிகளின் பாலில் செய்த சீஸை அந்த மண்ணுக்காகவே தேடி வாங்குகிறார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் மடவைச் சினையை உப்பிட்டு அழுத்தி உலர்த்தி உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். நாம் அதே சினையைக் குழம்பில் போடுகிறோம். அதுவே மேல் என்பேன். உலர்ந்த சினையில் உப்பு முந்திக்கொள்ளும், குழம்பில் கொழுப்பு நிற்கும்.

மண்வாடை அடிக்கிறதே என்பார்கள். நியாயமான குறைதான், ஆனால் அது பெரும்பாலும் கைவேலையின் குறை. வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வைச் சுரண்டாமல் விட்டால் எந்த மசாலாவும் காப்பாற்றாது. மீதி வாடைக்குப் புளி இருக்கிறது: மண்மணத்தைத் தரும் ஜியோஸ்மின் அமிலத்தில் சிதையும். மடவையைப் புளிக்குழம்பில் போட்டவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிப்பது எனக்கு உடன்பாடில்லை, மிளகாய்த்தூள்தான் மிஞ்சும். குரோவேஷியாவின் டால்மேஷியத் தீவுகளில் மீனுக்கு ஒயின் துணை. தமிழ்நாட்டில் 1987இல் தடை வந்தபிறகு கள்ளும் இல்லை. அது பெரிய இழப்பென்று தோன்றவில்லை, கொழுப்பை அறுக்கும் புளிப்பு சட்டிக்குள்ளேயே இருக்கிறது.

வருத்தம் வேறு. பக்கிங்காம் கால்வாய் இந்த ஏரியைத் தெற்கே எண்ணூர்க் கழியோடு சேர்க்கிறது. அனல்மின் நிலையங்கள் உள்ள வள்ளூரும் அத்திப்பட்டும் அந்த நீரை ஒட்டிய ஊர்கள். அங்கே கொசஸ்தலை ஆற்றில் அந்த நிலையங்களின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் படர்ந்தது. சேற்றை மேயும் மீனுக்குச் சேறுதான் உணவு. அதில் எது விழுந்தாலும் முதலில் தின்பது மடவை. பழவேற்காட்டிலோ முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது, குஞ்சு உள்ளே வரும் வழியே அடைபடுகிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் மடவை தானாக வரும், அதற்குக் குட்டையும் வேண்டாம் தீவனமும் வேண்டாம். வந்தவர்களுக்கு வஞ்சிரத்தை நீட்டும் கடைகள் வாரத்தில் ஒருநாளாவது மடவைக் குழம்பு வைத்தால், அந்த மணலை அள்ளச் சொல்லிக் கேட்க மீனவர்களோடு சாப்பிட்டவர்களும் சேருவார்கள்.