தீவுக்குக் கொடுக்கும் விலை

மாலத்தீவுக்கு இரண்டு பேர் நான்கு இரவுகள் போய்வர எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், லட்சத்தை ஒட்டியும் ஒரு கணக்கு வரும், பல லட்சங்களிலும் ஒரு கணக்கு வரும். கடல் இரண்டிலும் அதே இந்தியப் பெருங்கடல்தான். இந்த வித்தியாசம் எங்கே போகிறது, கூடுதலாகக் கொடுப்பவருக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலேயே பலர் பணம் கட்டிவிடுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை என்று சேமித்துப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

1972இல் தலைநகர் மாலேவுக்கு அருகே குரும்பா என்ற முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. பின்னர் 'ஒரு தீவு, ஒரு விடுதி' என்பதே அந்நாட்டின் சுற்றுலா முறையாக நிலைத்தது. ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது சுமார் 200இல் மட்டுமே; எனவே ஆளில்லாத் தீவுகளைக் குத்தகைக்கு விட்டு, வெளிநாட்டுப் பயணிகளை அங்கே தங்கவைத்தார்கள். உள்ளூர் மக்களின் தீவுகளில் பயணிகள் தங்குவதற்குப் பல ஆண்டுகள் தடை இருந்தது. அப்போதைய அதிபர் முகமது நஷீத் ஆட்சியில், 2009இல், அந்தத் தடை நீங்கியது. குடும்பங்கள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்கள் முளைத்தன. இன்று நம் முன் இருக்கும் இரண்டு விலைகளும் இந்த இரண்டு வழிகளிலிருந்து வருபவை.

சொகுசு விடுதியின் விலையில் ஒரு பகுதி நியாயமானது. ஒவ்வொரு விடுதியும் தனக்கான மின்சாரத்தைத் தானே தயாரிக்கிறது, பெரும்பாலும் டீசலில். குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கிறது. மீனும் தேங்காயும் தவிர அனேகமாக எல்லா உணவும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தலைமுறைகளாக மாலேவுக்குப் போய்வருவது நமக்குத் தெரிந்ததுதானே. மணலும் பவளமுமான நிலத்தில் ஒரு தட்டு சாலட் விலை கூடியிருப்பதில் வியப்பில்லை.

விளம்பரத்தில் போடும் விலையும் கடைசியில் கட்டும் விலையும் வேறாக இருப்பதுதான் என் முதல் புகார். ஓர் இரவுக்கு 500 டாலர் என்று அறிவிக்கப்படும் அறைக்கு 10 சதவீத சேவைக் கட்டணம் சேரும். அந்தத் தொகையின் மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீத சுற்றுலா வரி. இப்போதே 643.50 டாலர். 2025 தொடக்கத்தில் இரட்டிப்பாக்கப்பட்ட பசுமை வரி விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர். ஆக, இருவருக்கு ஓர் இரவு 667.50 டாலர். தீவில் வேறு கடையோ வேறு சாப்பாட்டு இடமோ கிடையாது என்பதால், சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே சேர்க்காமல் போகிறவர் ஒவ்வொரு வேளையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வெடுக்கப் போன இடத்தில் அது பெரிய வேதனை.

தொலைவிலுள்ள விடுதி என்றால் கடல் விமானம். ஒருவருக்குப் பல நூறு டாலர்கள் ஆகும். பகல் வெளிச்சத்தில் மட்டுமே அது பறக்கும் என்பதால், மாலையில் வந்திறங்குகிறவர் மாலேயிலோ பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் இந்தச் செலவை வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வட்ட வட்டமான பவளத்திட்டுகளின் வடிவம் கீழிருந்து புரியாது. தாழப் பறக்கும் அந்த விமானத்தின் சன்னலிலிருந்துதான் புரியும்.

விடுதி உண்மையாகவே தரும் நன்மையும் உண்டு. நல்ல விடுதியில் படிக்கட்டில் இறங்கினாலே பவளப்பாறை. சிலவற்றில் கடல் உயிரியலாளர்கள் பணியில் இருந்து அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். நடமாட்டம் குறைந்த பெரியவர்களுக்கும், யார் கண்ணிலும் படாமல் நான்கு நாள் இருக்க விரும்பும் தம்பதிக்கும் இதற்கு மாற்றுக் கிடையாது. குறை என்னவென்றால், அங்கே மாலத்தீவு இல்லை. பணியாளர்களில் பலர் வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வந்தவர்கள். மாலத்தீவுக்காரர் ஒருவரோடுகூட உட்கார்ந்து பேசாமல் ஊர் திரும்பிவிட முடியும்.

கெஸ்ட் ஹவுஸ் தீவுகளில் அது முடியாது. காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மஸ் ஹுனி, கூடவே ரோஷி ரொட்டி. நம் நாக்குக்கு அந்நியமே இல்லாத சாப்பாடு. கொடுக்கும் பணம் பெரும்பாலும் கெஸ்ட் ஹவுஸை நடத்தும் குடும்பத்துக்கே போகிறது. சுற்றுலா வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் சாதாரணக் குடும்பங்களுக்கு இந்தப் பங்கு கிடைத்தது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆனால் மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. மாஃபுஷியைப் பாருங்கள். மாலேயிலிருந்து வேகப்படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்தச் சின்னத் தீவில் அடுக்குமாடி கெஸ்ட் ஹவுஸ்கள் நெருக்கி நிற்கின்றன. நீச்சலுடையில் குளிப்பதற்கென்று ஒதுக்கிய கடற்கரை சிறியது, கூட்டமோ பெரியது. மணல்திட்டு, ஆமை, சுறா என்று ஒவ்வொரு படகுப் பயணத்துக்கும் தனிக் கட்டணம் என்பதால் மிச்சம் பிடித்தது கரைந்துகொண்டே வரும். துறைமுகத்துக்காகவும் நிலம் மீட்கவும் தோண்டிய தீவுகளில் கரையோரப் பவளம் சேதமடைந்திருக்கிறது. குப்பைக்கும் கழிவுநீருக்கும் இடமில்லாத ஊர்களில் விருந்தினர் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. மாலே பகுதியின் குப்பையைக் கொட்டிக் கொட்டியே திலாஃபுஷி என்றொரு தீவு உருவாகியிருக்கிறது. சொகுசு விடுதிகளுக்கும் இந்தப் பொறுப்பில் பங்குண்டு. எந்தப் பக்கத்தின் ரசீதிலும் இந்தச் சேதத்தின் விலை முழுமையாக எழுதப்படுவதில்லை.

மாலத்தீவுக்கு மாற்றாக இந்தியருக்கு லட்சத்தீவும் உண்டு. மாலத்தீவு அமர்ந்திருக்கும் கடலடி மலைத்தொடரின் வடபகுதி அது, செலவும் குறைவாக இருக்கலாம். அனுமதிச் சீட்டும் கொச்சியிலிருந்து கிடைக்கும் கப்பல் இடமும்தான் அங்கே தடை.

என்னைக் கேட்டால், மாலத்தீவுப் பயணத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது அறை அல்ல, நீருக்கடியில் இருக்கும் பவளம். 1998இல் கடல் சூடேறியதில் மாலத்தீவின் ஆழமற்ற பவளங்களில் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் மீண்டும் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. எஞ்சியிருப்பது எந்தத் தீவில், எந்த மாதத்தில் நன்றாகத் தெரியும் என்று விசாரிக்கும் நேரம், அறைக்குத் தள்ளுபடி தேடும் நேரத்தைவிடப் பயனுள்ளது. பா பவளத்திட்டிலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் உணவுக்காகத் திரள்கின்றன. அங்கே ஸ்கூபாவுக்குத் தடை. வழிகாட்டியோடு 45 நிமிடம் மட்டும் மிதந்து பார்க்கலாம். பக்கத்திலேயே மக்கள் வாழும் தரவந்தூ தீவில் உள்நாட்டு விமான நிலையமும் கெஸ்ட் ஹவுஸ்களும் இருக்கின்றன. அந்த மாதங்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் அலையும் உள்ள காலம் என்பதால் விலையும் இறங்கியிருக்கும். மழையால் ஒரு படகுப் பயணம் ரத்தாகலாம். அதற்காக ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ள அந்த விலைக் குறைவே இடம் தருகிறது.

ஆகவே என் தீர்ப்பு கெஸ்ட் ஹவுஸின் பக்கம்தான். ஆனால் மாஃபுஷியின் பக்கம் இல்லை. இன்னும் நெரிசல் ஏறாத சிறு தீவில் தங்கி, அறையில் மிச்சமாகும் பணத்தைக் கடலில் இறங்குவதற்கும் நல்ல வழிகாட்டிக்கும் செலவிடுங்கள். தனிமைதான் வேண்டும் என்றால் மட்டும் விடுதிக்குப் போங்கள், வரிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு. எங்கே தங்குவதானாலும், டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் சேர்ந்து நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள்.