அறுபது சீட்டும் ஓர் எதிராளியும்

சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சீட்டு என்றதும் நமக்கு ரம்மியும், விடிய விடிய எரியும் விளக்கும், கைப்பொருளைத் தோற்றுவிட்டு வீடு திரும்பும் குடும்பத் தலைவனுந்தான் நினைவுக்கு வருகின்றன. நான் சொல்ல வந்தது அந்தச் சீட்டு அல்ல. 1993-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' என்ற ஆட்டம். அதை உருவாக்கிய ரிச்சர்டு கார்ஃபீல்டு, கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

கதை, நாவல் என்று பேசிக்கொண்டிருந்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். என் தமக்கையின் மகன் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான். கற்றுக்கொண்ட பிறகு, ஒரு நல்ல சீட்டுக் கட்டையும் ஒரு நாவலைப் போலவே எடுத்து வைத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ரம்மியில் கட்டு பொது. இந்த ஆட்டத்திலோ ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து குறைந்தது 60 பொறுக்க வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே சீட்டில் நான்கு பிரதிகளுக்கு மேல் கூடாது. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்கினால் ஜயம். நிலச் சீட்டுகள் 'மானா' என்ற மந்திர சக்தியைத் தரும். அதைச் செலவழித்துத்தான் மற்றச் சீட்டுகளை இறக்க முடியும். ஆகவே, மேஜையில் உட்காருவதற்கு முன்பே பாதி ஆட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பாதி, எழுத்தாளன் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலையைப் போன்றதுதான்.

படை திரட்டி மோதுகிற கட்டுகள் உண்டு. தடுத்துத் தடுத்து எதிராளியைக் களைக்க வைக்கிற கட்டுகள் உண்டு. இன்னொரு வகையைக் 'காம்போ' என்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும் சில சீட்டுகள், ஒன்று சேர்ந்தால் ஒரே முறையில் ஆட்டத்தை முடித்துவிடும். 1997-ல் பாரிஸில் நடந்த 'ப்ரோ டூர்' பந்தயத்தில் மைக் லாங் என்ற அமெரிக்கர் வெற்றி பெற்ற கட்டு இந்த வகையில் பிரசித்தமானது. 'ப்ராஸ் ப்ளூம்' என்று அதற்குப் பெயர்.

அதன் சூத்திரம் இதுதான். 'கடாவரஸ் ப்ளூம்' (பிணத்தில் பூத்த பூ என்று வைத்துக்கொள்ளுங்கள்) மேஜைக்கு வந்துவிட்டால், கையிலுள்ள எந்தச் சீட்டையும் ஆட்டத்தை விட்டே விலக்கி இரண்டு மானா பெறலாம். 'ப்ராஸ்பெரிட்டி', அதாவது செழிப்பு, செலவிடும் மானாவுக்கு ஏற்றபடி இருவருக்குமே புதுச் சீட்டுகளை அள்ளித் தரும். ஒரு சீட்டுக்கு இரண்டு மானா. ஏறக்குறைய ஒரு மானாவுக்கு ஒரு சீட்டு. பத்துச் சீட்டை விற்றால் இருபது சீட்டு! சரி, வியாபாரத்தைத் தொடங்க முதல் வேண்டுமே? அதற்கு 'ஸ்குவாண்டர்டு ரிசோர்ஸஸ்'. அது நிலங்களை விற்று அந்தக் கணமே மானாவாக்கும். விற்ற நிலங்களுக்கு ஈடாகக் கட்டிலிருந்து வேறு நிலங்களை 'நேச்சுரல் பாலன்ஸ்' கொண்டுவந்து தரும், அவற்றையும் விற்கலாம். கடைசியில் சேர்ந்த மானாவையெல்லாம் 'டிரெயின் லைஃப்' என்ற ஒரே சீட்டில் கொட்டி எதிராளியின் உயிரை உறிஞ்சிவிடலாம்.

இதில் ஓர் அழகைக் கவனியுங்கள். செழிப்பு இருவருக்கும் பொது. தோற்கப் போகிறவன் கையிலும் சீட்டுகள் குவிகின்றன. வாழ்நாளில் இவ்வளவு வளமான கை அவனுக்கு வாய்த்திருக்காது. ஆனால் அவற்றை இறக்க அவனுக்கு முறை வரப் போவதில்லை. சிறுகதை எழுதுகிற எவனும் பொறாமைப்படக் கூடிய முடிவு.

இதைப் படித்து மயங்கி நானும் அந்த வகையில் ஒரு கட்டுத் தயாரித்தேன். மருமகன் எண்ணிப் பார்த்தான்.

"மாமா, அறுபது போதுமே. இதிலே அறுபத்தேழு இருக்கே?"

"எதை எடுக்கிறதுன்னு தெரியலைடா. எல்லாமே நன்றாயிருக்கு."

"நன்றாயிருக்கிறதுதான் தொல்லை, மாமா. இது இல்லாம ஜெயிக்க முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

பத்திரிகை ஆசிரியர்கள் பலர் என்னிடம் நாசூக்காகச் சொல்லத் தயங்கிய விஷயத்தை அவன் பட்டென்று சொல்லிவிட்டான். காகிதத்தில் கணக்கும் போட்டுக் காட்டினான். 60 சீட்டில் நான்கு பிரதிகள் உள்ள ஒரு சீட்டு, முதலில் எடுக்கும் ஏழுக்குள் வருவதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு. அப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு சீட்டுகள் சேர்ந்து வருவதற்கோ நூற்றுக்கு 14 அல்லது 15 தான். கட்டு பெருக்கப் பெருக்க இது இன்னும் குறையும். அழகுக்காக ஒரு சீட்டைச் சேர்க்கிறவன் அவசியமான சீட்டைத் தன்னிடமிருந்தே ஒளித்து வைக்கிறான்.

ஆகவேதான் நல்ல காம்போக் கட்டில் பெரும்பகுதி தேடுகிற சீட்டுகளாக இருக்கும். மேலேயுள்ள நான்கைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ள 'இம்பல்ஸ்'. இரண்டு உயிர்ப்புள்ளியைக் கொடுத்து வேண்டிய சீட்டைக் கட்டின் தலைக்குக் கொண்டுவர 'வாம்பிரிக் டியூட்டர்'. இவற்றுக்கு மினுமினுப்பு இல்லை. இவற்றைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. ஒருவரை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அழைத்துப் போகும் சாதாரண வாக்கியங்களைப் போன்றவை இவை. கதை நடப்பது அவற்றால்தான். இதற்கு நேர்மாறாக, கொல்லுகிற சீட்டான 'டிரெயின் லைஃப்' லாங்கின் கட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கடைசியில் மட்டும் தேவை. அதற்குள் கட்டில் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். முடிவு ஒன்றுதான் என்றால் அதை நான்கு தடவை எழுதுவானேன்?

இதுவரை சொன்னது செப்பனிடுவதில் முதற்கட்டம். இதைத் தனியாகவே செய்யலாம். எதிரே யாரும் இல்லாமல் ஆடிப் பார்த்து, எத்தனையாவது முறையில் எதிராளி சாவான் என்று கணக்கிடுவார்கள். அமெரிக்க ஆட்டக்காரர்கள் இதற்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தங்கமீனோடு ஆடுவது. கண்ணாடித் தொட்டிக்குள் வாயைத் திறந்து மூடும் மீன் உங்களை எதிர்க்காது, தடுக்காது, சந்தேகப்படாது. அதனிடம் எல்லாக் கட்டும் ஜயிக்கும்.

இரண்டாவது கட்டந்தான் கஷ்டம். நிஜமான எதிராளி உங்கள் பூவைப் பிடுங்குவான், செழிப்பை மறுப்பான், நீங்கள் தயாராவதற்குள் அடித்து நொறுக்குவான். அவனுக்காகச் சில இடங்களை ஒழித்து வைக்க வேண்டும். அந்தச் சீட்டுகள் சூத்திரத்துக்குச் சம்பந்தமில்லாதவை, வேகத்தைக் குறைப்பவை. தங்கமீனிடம் ஆடிப் பார்த்தால் கட்டு மோசமாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் மனிதனிடம் நிற்பது அதுதான்.

பாரிஸ் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. எதிரே மார்க் ஜஸ்டிஸ். லாங் சங்கிலியைத் தொடங்கிவிட்டார். நடுவில் மானா போதவில்லை. கையிலிருந்த ஒரே 'டிரெயின் லைஃப்' சீட்டையும் பூவுக்கு இரையாக்கினார். ஆட்டத்தை விட்டு விலகிய சீட்டு திரும்ப வராது. இனி அந்த யந்திரம் எவ்வளவு சுழன்றாலும் கொல்ல முடியாது. ஆனால் அவர் முகம் மாறவில்லை. சாவகாசமாகத் தொடர்ந்து ஆடினார். இதையே விட்டெறிகிறான் என்றால் உள்ளே இன்னொன்று வைத்திருக்கிறான் என்று ஜஸ்டிஸ் முடிவு கட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாராம்.

இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. சூத்திரம் அறுந்த இடத்தில் ஆட்டம் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. அறுபது சீட்டுக்கும் வெளியே அறுபத்தொன்றாவதாக எதிராளியின் மனம் ஒன்று இருந்தது. தங்கமீனிடம் இந்த ஆட்டத்தை ஜயித்திருக்க முடியுமா?

இதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1998 அக்டோபரில் 'உர்ஸாஸ் சாகா' என்ற தொகுதி வந்தது. அதிலிருந்த 'டோலேரியன் அகாடமி' என்ற நிலம், ஆடுகிறவர் வசமுள்ள ஒவ்வொரு கலைப்பொருளுக்கும் ஒரு மானா தரும். அதைச் சுற்றிக் கட்டிய கட்டுகள் எதிராளி கண் திறப்பதற்குள் ஆட்டத்தை முடித்தன. அந்தக் காலத்தைக் 'காம்போக் குளிர்காலம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அகாடமி தடை செய்யப்பட்டது. 1999-ல் வந்த 'மெமரி ஜார்' என்ற சீட்டுக்கு, வெளிவந்த சில வாரங்களுக்குள் அவசரத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. வேகமும் கச்சிதமும் என்று பார்த்தால் அவை ப்ராஸ் ப்ளூமைவிட உயர்ந்தவைதாம். ஆனாலும் என் தராசில் அவை தாழ்ந்தவை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனைத் தங்கமீனாக்கிவிடுகிற பூரணத்துவம் கலையாகாது. ஆடுகிறவன் ஒருவன், காத்திருப்பவன் ஒருவன் என்றான பிறகு அங்கே ஆட்டம் எங்கே இருக்கிறது?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். முதல் அத்தியாயத்தில் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் கடைசி அத்தியாயத்தில் அவிழ்ந்தது. எனக்கு அதில் பெருமை. முடிந்ததும் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டீர்கள். நான் வாரா வாரம் பக்கத்தைப் புரட்டினேன், அவ்வளவுதான்." அப்போது எனக்குக் கோபந்தான் வந்தது. அந்தக் கதையைத் தங்கமீனுக்கு எழுதியிருக்கிறேன் என்பது மருமகனோடு உட்கார்ந்து சீட்டாடிய பிறகே புரிந்தது.

என் கட்டு இப்போது சரியாக 60 சீட்டு. அதில் மூன்று, எதிராளிக்காக வைத்தவை. முன்னைவிட ஒரு முறை தாமதமாகத்தான் முடிகிறது. பாதிக்கு மேல் தோற்கவும் செய்கிறேன். ஆனால் என் கையைப் பார்த்துவிட்டு, தன் சீட்டைக் கீழே வைக்கப் போனவன் சற்று நிறுத்தி யோசிக்கிறான்.